பழைய ஆலை நிலத்தைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடிக்கிடக்கும் ஆலை நிலத்தைச் சுத்தம் செய்து வீடோ பூங்காவோ சந்தையோ கொண்டுவரும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்க்கிறேன். கையுறை போடுங்கள், அனுமதி வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அவற்றை விட்டுவிடுகிறேன். சின்ன நகரத்தில் இப்படிப்பட்ட நிலம் பெரும்பாலும் ஊர் நடுவில் இருக்கும், அதற்கான பணமும் ஒரு முறைதான் வரும். அதனால் ஒரு தவறு நடந்தால் திரும்பச் சரிசெய்யக் கையில் எதுவும் மிஞ்சாது.

காகிதத்தை மட்டும் நம்புவது

ஆலையின் வரைபடத்தில் கிடங்கு, கொதிகலன், அலுவலகம் எல்லாம் இருக்கும். கழிவைக் கொட்டிய பள்ளம் இருக்காது. அது எங்கே என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்ன நகரத்தில் இது பெரிய வசதி, ஏனென்றால் பழைய தொழிலாளர்கள் இன்னும் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களை நிலத்துக்கே கூட்டிவந்து நடக்கவிடுங்கள். உட்கார்ந்து பேசும்போது வராத ஞாபகம், நடக்கும்போது வரும். நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்த பழைய ஆலை நிலத்தில் நீல நிறக் கட்டிகள் கிடந்தால் அது சயனைடு கலந்த கழிவாக இருக்கலாம். அதை ஏன் அந்த மூலையில் போட்டார்கள் என்று எந்தக் கோப்பும் சொல்லாது.

தரையைப் பெயர்த்துவிட்டு அப்புறம் மண்ணைப் பரிசோதிப்பது

இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

நிலம் கைக்கு வந்ததும் ஜேசிபியை உள்ளே விட்டு, கட்டடத்தோடு கான்கிரீட் தரையையும் பெயர்த்துவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. பல வருடம் பூட்டிக்கிடந்த இடத்தில் வேலை நடக்கிறது என்று ஊருக்குக் காட்ட வேண்டும். இடிக்கப் பணம் முதலில் வந்துவிடும், மண் பரிசோதனைக்கான பணம் அடுத்த கட்டத்தில்தான். இடிப்பு ஒப்பந்தத்தில் ‘தரைத்தளம் உட்பட’ என்று இரண்டு சொல் சேர்ந்துகொள்ளும். மொத்தத் திட்டத்தையும் பின்னால் தின்றுதீர்ப்பது அந்த இரண்டு சொல்தான்.

அந்தத் தரை சும்மா கிடக்கவில்லை. அது இருக்கும்வரை மழைநீர் மேலேயே வழிந்து ஓடிவிடும். பெயர்த்த பிறகு அதே மழை நேராக மண்ணுக்குள் இறங்கும். முலாம் பூசும் பட்டறைகளில் பயன்படும், குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் எளிதில் கரைந்து நகரக்கூடியது. வருடக்கணக்காக அசையாமல் கிடந்ததை ஒரே மழைக்காலம் நிலத்தடி நீருக்குக் கொண்டுபோய்விடும். அதோடு, அந்தத் தரைதான் உங்களிடம் இருந்த மிக நம்பகமான வரைபடம். அமிலம் அரித்த குழி, எண்ணெய்க் கறை, வடிகால் வாய், இயந்திரத்தை இறுக்கிய போல்ட், இவை ஒவ்வொன்றும் எங்கே துளையிட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தன.

ஒருமுறை பழைய முலாம் பட்டறை நிலம் ஒன்றுக்கு என்னை அழைத்தார்கள். இடிப்பு முடிந்திருந்தது. பெயர்த்த கான்கிரீட்டை வீணாக்கக் கூடாது என்று அங்கேயே நொறுக்கி, பள்ளமான இடங்களில் நிரப்பி, அழகாகச் சமன்செய்து வைத்திருந்தார்கள். குரோமியத் தொட்டிகள் எங்கே இருந்தன என்று கேட்டேன். ஒரு மூலையைக் காட்டினார்கள். ஆனால் மழை பெய்து ஆங்காங்கே தேங்கியிருந்த தண்ணீர், அந்த மூலையில் மட்டுமல்ல, நிலத்தின் மறுகோடியிலும் மஞ்சளாக இருந்தது. தொட்டிக்கு அடியில் குரோமியம் ஊறிய கான்கிரீட்டையும் நல்ல கான்கிரீட்டையும் சேர்த்தே நொறுக்கியிருந்தார்கள். லாரி ஏற்றிப்போவது விஷத்தின் எடையை அல்ல, விஷம் கலந்த மண்ணின் எடையை. ஒரு மூலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை முழு நிலத்துக்கும் ஆனது. கட்டடத்துக்கு வைத்திருந்த பணம் மண் அள்ளுவதிலேயே தீர்ந்தது.

மூடியை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் உண்டு. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில், லவ் கால்வாய் என்ற பழைய வாய்க்காலில் 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் ஏறக்குறைய 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டிக் களிமண்ணால் மூடினார்கள். 1953இல் அந்த நிலம் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்குப் போனது. பள்ளியும் சாலையும் சாக்கடையும் கட்டும்போது களிமண் மூடி உடைந்தது. பின்னாளில் நீர்மட்டம் ஏறியபோது வீடுகளின் கீழ்த்தளத்தில் ரசாயனம் கசிந்தது. 1978இல் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள்.

சரி, என்ன செய்யலாம்? தரையை விட்டுவையுங்கள். பெருக்கி, கழுவாமல், கட்டம் கட்டமாகப் படம் எடுங்கள். தரை வழியாகவே துளையிட்டு மண் எடுங்கள், துளையைச் சிமென்ட்டால் அடைத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு, மழையில்லாத காலத்தில், பகுதி பகுதியாகப் பெயர்த்து, கறைபட்டதைத் தனியாகத் தார்ப்பாய்க்கு அடியில் குவியுங்கள்.

மாதிரிகளைக் கலந்து அனுப்புவது

ஆய்வகச் செலவைக் குறைக்கப் பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலக்கிறார்கள். ஒரு இடத்தில் வரம்பைப் போல ஐந்து மடங்கு ஈயம் இருந்து, மற்ற ஒன்பதில் ஒன்றுமே இல்லையென்றால், கலவை வரம்பில் பாதியைத்தான் காட்டும். அறிக்கையில் ‘பாதுகாப்பானது’ என்று வந்துவிடும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் போன்றவை கலக்கும்போதே ஆவியாகிப் போய்விடும். குரோமியம் என்றால், மொத்த அளவை மட்டும் கேட்காமல் ஆறு இணைதிறன் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

வேலியோடு மாசு நின்றுவிடும் என்று நினைப்பது

ஈயம் பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கும். பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அது கீழே கீழே இறங்கி, பாறையோ களிமண்ணோ தடுக்கும் இடத்தில்தான் தேங்கும். ஆழமில்லாத ஒரு கிணற்றில் மட்டும் சோதித்துவிட்டு ‘தண்ணீர் நன்றாக இருக்கிறது’ என்பது இதனால்தான் ஆபத்து. அமெரிக்கக் குடிநீர் விதிப்படி ட்ரைகுளோரோஎத்திலீனின் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், தண்ணீரைக் கெடுக்க அவ்வளவு சிறிய அளவே போதும். அதன் ஆவி தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள்ளும் ஏறும். அஸ்திவாரம் போடும்போதே தரைக்கடியில் காற்றுக் குழாய் வைப்பது சுலபம். குடிவந்த பிறகு தரையைத் துளைத்து வைப்பது எல்லோருக்கும் துன்பம்.

கட்டடத்தை முதலில் வரைவது

பரிசோதனைக்கு முன்பே வீடுகளை வரைந்தால், மோசமான மூலையில்தான் குழந்தைகள் விளையாடும் இடம் வந்து உட்காரும். சியாட்டில் நகரில் 1956இல் மூடிய எரிவாயு ஆலையை, அதன் கோபுரங்களை அப்படியே வைத்துப் பூங்காவாக்கி 1975இல் திறந்தார்கள். நிலம் தாங்குகிற பயன்பாட்டைத் தேர்ந்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே மண்ணையும் நீரையும் கவனிக்க வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து கொண்டுவரும் மண்

லாரி இறக்கும் முன் அதையும் பரிசோதியுங்கள்.

எதை உள்ளேயே விட்டுவைத்தோம் என்று எழுதாமல் போவது

எல்லாவற்றையும் அள்ள முடியாது. சிலவற்றை மூடி விட்டுவைப்போம், அது தவறில்லை. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதை விட்டோம் என்பதை நிலப் பத்திரத்திலேயே பதியுங்கள். அடுத்துக் குழாய் போடத் தோண்டுகிறவர் படிக்கப்போவது உங்கள் அறிக்கையை அல்ல, பத்திரத்தை.