விருந்தினர் முன்கூட்டியே புறப்படக் கேட்டால்: மலைநாட்டு வீட்டுக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து இரவுக்குப் பதிவு செய்து வந்தவர்கள், இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டு மேசையில், "நாளைக்கே கிளம்பலாம் என்று நினைக்கிறோம், மிச்சக் காசு கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். பண்டாரவளையில் வீட்டு மேல்மாடியின் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் நான் முதல்முறை இதைக் கேட்டபோது, முகம் கோணக்கூடாது என்று உடனே "சரி" என்றேன். அலுமாரியில் இருந்த காசை எண்ணிக் கையில் கொடுத்தேன். அறைப் பதிவுச் செயலியில் பதிவு ஐந்து இரவாகவே கிடந்தது. நாட்காட்டி மூடியிருந்ததால் வேறு யாரும் வர முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அவர்கள் பதிவுத்தளம் வழியாகவும் பணம் கேட்டார்கள். நான் கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு வரி இல்லை.

அன்றைய முதல் தவறு, காரணம் கேட்காமல் பதில் சொன்னது. மலைநாட்டில் ஆட்கள் நாளைக் குறைக்கப் பல காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை வெயிலில் பார்க்க வந்தவருக்கு மூன்று நாளும் மூடுபனியே தெரிந்திருக்கும். கொழும்புக்கு ரயில் டிக்கெட் அந்த ஒரு நாளுக்குத்தான் கிடைத்திருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும். அல்லது சுடுநீர் வரவில்லை, கம்பளியில் ஈர நாற்றம் என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "திட்டம் மாறிவிட்டது" என்பார்கள். இந்தக் கடைசி வகையைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். "அறையில் ஏதாவது குறை இருக்கிறதா?" என்று ஒரு முறை நேராகக் கேளுங்கள். இருந்தால் அன்றே ஹீட்டரைத் திருத்துங்கள், கம்பளியை மாற்றுங்கள், மற்ற அறை காலியாக இருந்தால் அங்கே மாற்றிவிடுங்கள். பாதிப் பேர் தங்கிவிடுவார்கள். ஏர்பிஎன்பி (Airbnb) என்ற பதிவுத்தளத்தில், அறைக் குறையைக் கண்டுபிடித்து 72 மணி நேரத்துக்குள் விருந்தினர் முறையிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூடுபனி உங்கள் குறையல்ல. அதற்காக முழுப் பணமும் திருப்ப வேண்டிய கடமை இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது குறைதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டும். பதுளை, எல்ல, பண்டாரவளைப் பக்கத்துக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வரும். பதிவு வந்த அன்றே இதை எழுதி அனுப்பினால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது, சொந்த ரத்து விதியையே அறியாமல் பேசுவது. ஏர்பிஎன்பியின் நெகிழ்வான (Flexible) ரத்து விதியில், வந்து தங்கிய பின் கிளம்புகிறவர், தங்கிய இரவுகளோடு மேலும் ஓர் இரவுக்குக் காசு கொடுக்க வேண்டும். இரவுக்கு 12,000 ரூபாய் என்றால், இரண்டு இரவு தங்கிக் கிளம்புகிறவரிடமிருந்து சேவைக் கட்டணத்துக்கு முன் 36,000 ரூபாய் நமக்கு வரும். மிதமான (Moderate) விதியில் அதோடு மிச்ச இரவுகளின் பாதியும் வரும். உங்களுடையது எது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

"நீங்களே ரத்து செய்துவிடுங்கள், அதுதான் சுலபம்" என்று விருந்தினர் கேட்டால் ஒருபோதும் செய்யாதீர்கள். வருகைக்குப் பிறகு வீட்டுக்காரர் ரத்து செய்தால், தங்காத இரவுகளின் தொகையில் பாதிவரை அபராதமாக நம் தலையில் விழும். நாள் மாற்றும் வேண்டுகோளைச் செயலி வழியாக அனுப்பும்படி விருந்தினரிடமே சொல்லுங்கள். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். புதிய மொத்தத் தொகை திரையில் தெரியும், அதைப் பார்த்த பிறகே அழுத்துங்கள். வட்ஸ்அப்பில் பேசியதையும் செயலியின் செய்திப் பெட்டியில் ஒரு வரியாகத் திரும்ப எழுதுங்கள். புக்கிங் டொட் கொம் என்ற மற்றப் பதிவுத்தளம் வழியாக வந்து கையில் காசு கொடுப்பவர் என்றால், தங்கிய நாட்களை அங்கே திருத்தாவிட்டால் தங்காத இரவுக்கும் தரகு கட்டுவீர்கள்.

மாற்றம் உறுதியாகும்வரை தொலைபேசியில் கேட்கும் அடுத்தவருக்கு அறையை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். கிளம்புகிறேன் என்றவர் மாலையில் மனம் மாறியதுண்டு.

தாராளமாக இருக்கலாமா? இருக்கலாம், காலம் பார்த்து. ஏப்ரலில் நுவரெலியாவில், அல்லது சிவனொளிபாத மலைப் பருவத்தில் போயா நாளை ஒட்டி நல்லதண்ணியில், காலியான அறை மாலைக்குள் நிறைந்துவிடும். அங்கே திருப்பிக் கொடுப்பதில் நட்டமில்லை. மழைக்கால செவ்வாய்க்கிழமை அப்புத்தளையில் யார் வருவார்? "அந்த இரவுக்கு வேறு ஆள் வந்தால் அந்தத் தொகையைத் தருகிறேன்" என்பதே நான் இப்போது சொல்லும் சொல்.

இவை எல்லாம் சாதாரண நாளுக்கு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு மண்சரிவுச் சிவப்பு அறிவிப்பு விட்டால், அது வெளியேறச் சொல்வது. அந்த நேரத்தில் விதியைப் பற்றியும் காசைப் பற்றியும் பேசுவது தவறு மட்டுமல்ல, பாவம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைநாட்டுச் சரிவுகள் எப்படி இறங்கின என்று பார்த்தவர்கள் நாம். ஏர்பிஎன்பியின் பெரும் இடர் விதி, பருவத்தில் வழக்கமாகப் பெய்யும் மழையைப் பணம் திருப்பக் காரணமாக ஏற்காது. அரசு வெளியேற்ற உத்தரவை ஏற்கும். ஆனால் உங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் வெடித்திருந்தால், புதிதாகக் கலங்கல் நீர் ஊறினால், உத்தரவுக்குக் காத்திராமல் அனுப்புங்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முதலில் விசாரித்து, நம்பிக்கையான ஓட்டுநரைப் பிடித்து, ரொட்டிப் பொதியும் கட்டிக் கொடுங்கள். கணக்கைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.