பழைய பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) வாங்கினால் முதலில் செய்ய வேண்டியது

முந்தைய உரிமையாளரின் பாஸ்கோடு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சேஃப் மோடில் (பழுதுபார்ப்புக்கான தனி மெனு) அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடலாம். கன்சோலை முழுதாக ஆஃப் செய்யுங்கள்; ரெஸ்ட் மோடு (தூக்க நிலை) போதாது. பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். முதல் பீப் வரும், விடாதீர்கள். சுமார் 7 விநாடியில் இரண்டாவது பீப் கேட்டதும் விடுங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் செருகி பிஎஸ் பட்டனை அழுத்துங்கள். இங்கேதான் பலர் சிக்குவார்கள்: சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளாக இருந்தால் கன்ட்ரோலரைத் திரை கண்டுகொள்ளாது. டேட்டா போகும் கேபிள் வேண்டும்.

மெனுவில் 6-ஆவது, ‘இனிஷியலைஸ் பிஎஸ்4’, அதாவது எல்லாவற்றையும் அழிப்பது. கணக்குகள், சேவ்கள் (சேமித்த ஆட்ட நிலைகள்), படங்கள் எல்லாம் போய்விடும். நடுவில் மின்சாரம் போனால் சிஸ்டமே கெடலாம், யுபிஎஸ் இருந்தால் நல்லது. ஹார்ட் டிஸ்க் மாற்றியிருந்தால் 7-ஆவதுதான் சரி; அது சிஸ்டம் மென்பொருளையும் புதிதாக ஏற்றும். அதற்கு எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் சோனி தளத்தின் ரீஇன்ஸ்டால் ஃபைல் வேண்டும். சிறிய அப்டேட் ஃபைலை அது ஏற்காது.

விற்பவரா? ‘குவிக்’ அழிப்பில் விட்டுவிடாதீர்கள். மென்பொருள் வைத்து மீட்க வாய்ப்புண்டு. செட்டிங்ஸில் இனிஷியலைசேஷன் போய் ‘ஃபுல்’ தேர்ந்தெடுங்கள். சில மணி நேரம் ஓடும், ஓடட்டும். அதற்கு முன்பே அக்கவுன்ட் மேனேஜ்மென்டில் ‘பிரைமரி பிஎஸ்4’-ஐ (இதுவே உங்கள் கணக்கின் முதன்மை கன்சோல் என்ற பதிவு) டிஆக்டிவேட் செய்துவிடுங்கள். அந்தப் பதிவு சோனி சர்வரில் இருப்பதால் டிஸ்க்கை அழித்தாலும் போகாது.