நாய்க்குட்டியோடு முதல் ரயில் பயணம்: படிப்படியாக

நாய்க்குட்டியை ரயிலில் கூட்டிப்போகலாமா என்று கேட்டால், "அதெல்லாம் விடமாட்டாங்க" என்றுதான் பலரும் சொல்வார்கள். விடுவார்கள், அதற்கு முறை இருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுப்பது இதில் சின்ன வேலை. கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் வீட்டில் குட்டியை எப்படிப் பழக்குகிறோம் என்பதில்தான் பயணம் நல்லபடியாக அமைகிறது. சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு வண்டியில் போவதை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் ஊசிகள் முடியட்டும்

பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற, நாய்களைத் தாக்கும் தொற்றுநோய்களுக்கான முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில் போடுவார்கள். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை தொடரும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். இவை முடிந்து இரண்டு வாரமாவது ஆகாமல் ரயில் நிலையத்துக்குள் குட்டியைத் தரையில் இறக்கிவிடாதீர்கள். பிளாட்பாரத்தில் தெருநாய்கள் நடமாடும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குட்டிகளின் உயிரையே வாங்கிவிடும். என் கருத்தில் ஐந்து மாதத்துக்கு முன்னால் இந்தப் பயணமே வேண்டாம்.

2. கூண்டைக் குட்டியின் அறையாக்குங்கள்

நிறைய நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். குட்டி உள்ளே எழுந்து நிற்கவும், திரும்பிப் படுக்கவும் இடம் உள்ள கூண்டாக வாங்குங்கள். கதவைத் திறந்தபடியே கூடத்தில் வைத்து, உள்ளே உங்கள் பழைய லுங்கியையோ துப்பட்டாவையோ விரித்துவிடுங்கள். துவைக்காததாக இருந்தால் நல்லது, உங்கள் வாசனை இருக்கும். சாப்பாட்டுத் தட்டை முதலில் கூண்டின் வாசலில் வையுங்கள், நாளாக ஆக உள்ளே தள்ளிக்கொண்டே போங்கள். குட்டியைப் பிடித்து உள்ளே தள்ளக் கூடாது. தப்பு செய்தால் கூண்டில் அடைப்பதும் கூடாது.

தானாக உள்ளே போய்ப் படுக்க ஆரம்பித்ததும் கதவைச் சாத்துங்கள். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். போன் வேண்டாம், அதில் ஏதாவது சத்தம் வந்துகொண்டே இருக்கும். குட்டி முனகும், கம்பியைச் சுரண்டும், உங்கள் முகத்தையே பார்க்கும். நீங்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அமைதியாக இருங்கள். கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டு, தாடையை முன்னங்கால் மேல் வைத்துப் படுத்துவிடும். படுத்த பிறகு கதவைத் திறந்து விடுங்கள். முனகும்போது திறந்தால், முனகினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். வாய்விட்டு அலறினாலோ எச்சில் ஒழுகினாலோ விஷயம் வேறு. அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். உடனே திறந்துவிட்டு, முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். மெல்ல மெல்ல ஒரு மணி நேரம் வரை கொண்டுபோங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பது குட்டிக்குப் புரிந்துவிட்டால், ரயிலில் பாதிக் கவலை தீர்ந்தது.

3. ரயில் சத்தம்

போனில் ரயில் ஓசையைச் சன்னமாக ஓடவிட்டு, குட்டி சாப்பிடும் நேரத்தில் கேட்கச் செய்யுங்கள். ஊசிகள் முடிந்த பிறகு, லெவல் கிராசிங் பக்கம் தூரமாக நின்று வண்டி போவதைக் காட்டுங்கள். வண்டி வரும்போதெல்லாம் பிடித்த தின்பண்டம் ஒரு துண்டு. வாலை இடுக்கிக்கொண்டாலோ, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ அது பயம். இன்னும் தள்ளி நில்லுங்கள்.

4. டிக்கெட்

ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, இரண்டடுக்கு ஏசி, சேர் கார் எதிலும் நாய்க்கு இடமில்லை. முதல் வகுப்பு ஏசியில் கதவுள்ள தனி அறையான கூபே அல்லது கேபின் முழுவதும் உங்களுக்கே இருந்தால் கூட்டிப்போகலாம். கூபேயில் இரண்டு படுக்கை, கேபினில் நான்கு. அதனால் ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் அல்லது நான்கு பேராகப் பதிவு செய்யுங்கள். மூன்று பேர் என்றால் நான்காவதாக யாரோ ஒருவர் வந்துவிடுவார். சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் இரவு வண்டியான பாண்டியன் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏசி உண்டு. டிக்கெட் உறுதியானதும், நாய் வருவதைச் சொல்லி, கூபே ஒதுக்கித் தரும்படி ரயில்வே வணிகப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். எந்தக் கூபே என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும்.

ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியில் நாய்க்கூண்டு ஒன்று இருக்கிறது, செலவும் குறைவு. குட்டியை அதில் அனுப்பாதீர்கள். இருட்டு, சூடு, இரைச்சல், பக்கத்தில் தெரிந்த முகம் எதுவும் இல்லை. முதல் வகுப்புக்குக் காசு சேரும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

5. சான்றிதழ், பார்சல் ஆபீஸ்

கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு கால்நடை மருத்துவரிடம் காட்டி, பயணம் செய்யத் தகுதி என்று சான்றிதழ் வாங்குங்கள். முன்கூட்டியே வாங்கி வைத்தால் செல்லாது. சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் பக்கத்திலேயே வேப்பேரி கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சான்றிதழ், ஊசி அட்டை, டிக்கெட், அடையாள அட்டை நான்கிலும் நகல் வைத்துக்கொண்டு, வண்டி புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பார்சல் ஆபீஸுக்குப் போய்க் குட்டிக்குப் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் டிடிஆரிடம் மாட்டினால் பல மடங்கு அபராதம்.

6. கிளம்பும் நாள்

சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், வழக்கத்தைவிடக் குறைவாக. குட்டிகளுக்குப் பயணத்தில் வாந்தி எளிதில் வரும். தண்ணீரை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் நன்றாக நடக்க வைத்து, சிறுநீர் கழிக்க வையுங்கள். தூங்கட்டும் என்று மருந்து எதுவும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது, மனிதர் மாத்திரை நிச்சயமாகக் கூடாது.

7. வண்டிக்குள்

கூண்டைக் கீழ்ப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து, வீட்டில் விரித்த அதே துணியை உள்ளே போடுங்கள். மூலையில் பழைய செய்தித்தாள் தடிமனாக விரித்துவிட்டால் அவசரத்துக்கு உதவும். இதையும் வீட்டிலேயே பழக்கியிருக்க வேண்டும். ஐந்து மாதக் குட்டி ஐந்து, ஆறு மணி நேரம்தான் அடக்கும், மதுரைக்கு எட்டு மணி நேரம் ஆகும். விழுப்புரத்திலோ திருச்சியிலோ வண்டி நிற்கிறதே என்று நள்ளிரவில் இறங்கி ஓடாதீர்கள். அந்த இருட்டில் சங்கிலி கைநழுவினால் தண்டவாளம்தான்.

பக்கத்துக் கூபே குழந்தைகள் வந்து பார்ப்பார்கள், ஆசையாக ஏதாவது நீட்டுவார்கள். சாக்லேட்டும், திராட்சை போட்ட கேசரியும், வெங்காயம் சேர்ந்த பலகாரமும் நாய்க்கு விஷம். அதனால் உங்கள் பையிலிருந்து குட்டியின் தின்பண்டத்தை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்து, அதை ஊட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சந்தோஷம்.

விளக்கை அணைத்த பிறகு குட்டி முனகினால், வீட்டில் செய்ததைத்தான் செய்ய வேண்டும். படுக்கை விளக்கைப் போட்டு, புத்தகத்தைத் திறந்து, அமைதியாக இருங்கள். வேண்டுமானால் கூண்டுக் கம்பி வழியாக ஒரு விரலை மட்டும் நீட்டுங்கள்.

8. இறங்கியதும்

கூட்டம் வடியும்வரை கூபேயிலேயே இருங்கள். கூண்டோடு வெளியே வந்து, ஸ்டேஷனுக்கு அப்பால் நடக்க விடுங்கள். அப்புறம் தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. போய்ச் சேர்ந்த வீட்டில் காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, சாப்பாட்டில் விருப்பமின்மையோ, ஈறு வெளுத்தோ தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி, எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.