கான்சாஸ் பாட்டியின் கதையை எழுதும் முறை

நூறு வயது வாழ்ந்த ஒரு சாதாரண அமெரிக்கப் பெண்ணின் கதையை எழுத உட்கார்ந்தால், 1930களின் பொருளாதாரப் பெருமந்தம், உலகப்போர், நிலவுப் பயணம் என்று தேதிகளை அடுக்கி இடையிடையே அவரைச் செருகத்தான் கை போகும். வேண்டாம். முதலில் அவருடைய மாநிலத்தின் தேதிகளை எடுங்கள். நான் எழுதிய பாட்டி 1912இல் மேற்குக் கான்சாஸில் ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை 1920இல் வந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். கான்சாஸ் பெண்களுக்கு அது 1912 நவம்பரிலேயே கிடைத்துவிட்டது. மதுவிலக்கும் அப்படித்தான். 1933இல் நாடு அதைக் கைவிட்டபோதும், 1881 முதல் அதைக் கடைப்பிடித்த கான்சாஸ் 1948 வரை விடவில்லை. 1933இல் ஊரே குடித்துக் கொண்டாடியது என்று எழுதினால் பாட்டியின் பேத்தியே சிரிப்பார்.

அடுத்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள். 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடுவார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வந்தன. 1930 தாளில் வீட்டில் ரேடியோ உண்டா என்ற கேள்வி இருக்கிறது. 1940 தாளில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட பெருக்கல் குறி இருந்தால், கணக்கெடுக்க வந்தவருக்குப் பதில் சொன்னவர் அவர்தான். எங்கள் பாட்டியின் பெயரருகே அந்தக் குறி இருந்தது. கணவர் வயலில் இருந்திருக்கலாம். ஊகத்தை ஊகமென்றே எழுதுங்கள்.

பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளில் அவர் பெயரைத் தேடிச் சலித்துக்கொள்ளாதீர்கள். மணமான பெண்ணைக் கணவர் பெயருக்கு முன் 'மிஸஸ்' சேர்த்தே அச்சடித்தார்கள். அப்படித் தேடினால் தேவாலய விருந்து, தையல் கூட்டம் எல்லாம் வந்து விழும்.

பேட்டியில் "பெருமந்தம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்பதோடு முடிந்துவிடும். சாப்பாட்டு மேசையில் தட்டை எப்படி வைப்பீர்கள் என்று கேளுங்கள். புழுதிப் புயல் காலத்தில் பரிமாறும் நொடி வரை தட்டு கவிழ்ந்தே இருக்கும். ஜன்னலில் ஈரப் போர்வை தொங்கும். அங்கிருந்து 1935 ஏப்ரல் 14, பகலிலேயே இருட்டிய அந்தக் கருப்பு ஞாயிறுக்கு அவரே வந்து சேர்வார். உடையைப் பற்றிக் கேட்டால் பூப்போட்ட மாவு மூட்டைத் துணி வரும்: ஒரே அச்சில் போதுமான மூட்டைகள் சேரும்வரை காத்திருந்து கவுன் தைத்தார்கள். பாட்டி இல்லையென்றால் மகளிடம் கேளுங்கள். துணியின் நிறம்கூட நினைவிருக்கும்.

புகைப்படங்களில் யார் யார் என்று அன்றைக்கே கேட்டுப் பின்பக்கம் எழுதிவிடுங்கள். பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.