வேலூர் எவ்வளவு வளர்ந்தது? எண்ணும்போது செய்யும் தவறுகள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இலேயே சாமி திரும்பி வந்துவிட்டார். கேலி மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை. ஊரின் மக்கள்தொகையைப் பேசும்போதும் இதே கதைதான். என்றைக்கோ காதில் விழுந்த ஓர் எண்ணை, அது எந்த ஆண்டுக்குரியது, எந்த எல்லைக்குரியது என்று கேட்காமல் சுமந்துகொண்டிருக்கிறோம்.

நான் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2011இல் கணக்கெடுப்பாளராகவும் தெருத் தெருவாக அலைந்திருக்கிறேன். என் மாணவர்களும் சில பெரிய மனிதர்களும் திரும்பத் திரும்பச் செய்த தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலான தவறு, எல்லையைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிடுவது. 2001 கணக்கெடுப்பில் வேலூர் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1.77 லட்சம், 2011இல் சுமார் 1.86 லட்சம். பத்து ஆண்டுகளில் ஐந்து சதவீதம்கூட ஏறவில்லை. இதை மட்டும் படித்தவர் வேலூர் தூங்கி வழியும் ஊர் என்றுதான் நினைப்பார். ஆனால் அந்த ஆண்டுகளில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தது சத்துவாச்சாரியிலும் காட்பாடிப் பக்கத்திலும். பழைய நகருக்குள் வீடு கட்ட இடம் ஏது? அதே 2011 கணக்கெடுப்பு, வேலூரையும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்து நகர்த்தொகுப்பாக இன்னொரு எண்ணும் தருகிறது. அது 4.8 லட்சத்துக்கு மேல். ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒன்று மற்றொன்றைப் போல இரண்டரை மடங்கு. இரண்டுமே சரியான எண்கள்தான். பின்னர் சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம் போன்ற பகுதிகள் மாநகராட்சியோடு சேர்ந்து 60 வார்டுகள் ஆனபோது, மாநகராட்சியின் மக்கள்தொகையும் ஒரே தாவலில் இரு மடங்குக்கு மேல் ஆனது. யாரும் மூட்டை முடிச்சோடு குடிபெயர்ந்து வரவில்லை. வரைபடத்தில் கோடு நகர்ந்தது, அவ்வளவுதான்.

இது உலகம் முழுவதும் உள்ள கோளாறு. உலகின் மிகப் பெரிய நகரம் டோக்கியோ என்றே பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். ஐ.நா. 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ஏறத்தாழ 4.2 கோடி மக்களோடு ஜகார்த்தா முதலிடம், டாக்கா இரண்டாமிடம், டோக்கியோ மூன்றாமிடம். ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி வகுத்த நகர எல்லையை விட்டுவிட்டு, எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலை வைத்ததுதான் முக்கியக் காரணம். சீனாவின் சோங்சிங்கை 3.2 கோடி மக்கள் வாழும் நகரம் என்று எழுதுகிறார்கள். அந்த நிர்வாகப் பகுதியின் பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. அதற்குள் மலையும் வயலும் கிராமமும் ஏராளம்.

மாவட்டக் கணக்கில் இந்தத் தவறு இன்னும் வேடிக்கையாக வரும். 2001இல் 34.77 லட்சமாக இருந்த வேலூர் மாவட்டம் 2011இல் 39.36 லட்சம் ஆனது. இப்போதைய வேலூர் மாவட்டத்துக்கு, அதே 2011 கணக்கின்படி, சுமார் 16 லட்சம்தான். ஒரு மாணவன் இதை வைத்து, "மக்கள் வெளியேறியதால் மாவட்டம் பாதிக்கும் கீழே சரிந்தது" என்று கட்டுரை எழுதிவிட்டான். நடந்தது 2019 பிரிவினை. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் போயின. வேலூர் அடங்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பற்றிப் பேசுவோருக்குச் சிக்கல் இன்னும் அதிகம். 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆனது, 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. தாத்தா காலத்து வட ஆற்காடும் அப்பா காலத்து வட ஆற்காடும் ஒரே நிலப்பரப்பு அல்ல. இன்று ஆற்காடு நகரமே வேலூர் மாவட்டத்தில் இல்லை!

அடுத்தது, கிராமம், நகரம் என்ற பெயர்ப்பலகையை நம்பிவிடுவது. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தால் நகர்ப்புறம். ஜப்பானில் நகரம் என்ற தகுதிக்கு 50,000 பேர் வேண்டும். நம் நாட்டில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அரசு அறிவித்தால் அது நகரம். அறிவிக்காத ஊரானாலும் மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் கணக்கெடுப்புத் துறை அதை நகரமாக எண்ணிக்கொள்ளும்: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்தவர்களில்) 75 சதவீதத்தினர் விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள்: ஆண்கள் மட்டும். குடியாத்தம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களின் உழைப்பு, ஓர் ஊர் நகரமா இல்லையா என்ற தீர்ப்பில் கணக்கே இல்லை. எனக்கு இது எந்தக் காலத்திலும் உடன்பாடானது அல்ல.

இப்படிக் கணக்கில் மட்டும் நகரமான ஊர்கள் இந்தியாவில் 2001இல் 1,362, 2011இல் 3,894. அவற்றை ஊராட்சிகளே நிர்வகிக்கின்றன; சாக்கடையும் தெருவிளக்கும் கிராம வரவு செலவில்தான் நடந்தாக வேண்டும். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2004இல் தமிழ்நாட்டில் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கப்பட்டன. 2006இல் மறுபடியும் பேரூராட்சிகள் ஆயின. இரண்டு ஆண்டுகள் அந்த மக்கள், இருந்த வீட்டிலேயே இருந்தபடி கிராமத்தார் ஆகித் திரும்பினார்கள்.

நகரம் வளர்ந்தால் உடனே "கிராமத்து ஜனம் எல்லாம் கிளம்பி வந்துவிட்டது" என்பார்கள். நகரம் மூன்று வழிகளில் வளரும்: உள்ளே பிறப்பவர் இறப்பவரைவிட அதிகமாக இருப்பது, வெளியிலிருந்து வருவது, எல்லையோ வகைப்பாடோ மாறுவது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் முதல் வழியே பெரிது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு. இங்கே மற்ற இரண்டு வழிகளையும் சேர்த்துப் பார்க்காமல் பேச முடியாது. புலம்பெயர்வு என்றதும் வேலை தேடிப் போகும் இளைஞன் முகம் மட்டும் மனத்தில் வருவதும் பிழையே. 2011 கணக்கில் இடம்பெயர்ந்தவர்களாக வரும் 45 கோடிப் பேரில் ஏறத்தாழப் பாதி, கல்யாணமாகிக் கணவன் ஊருக்குப் போன பெண்கள். அதிலும் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து கிராமத்துக்கே போனவர்கள்.

தெருவில் தெரியும் கூட்டத்தையே மக்கள்தொகையாக எடுத்துக்கொள்வது வேலூருக்கே உரிய தவறு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்தில் எழுதிய பலகைகளையும் மீன் சாப்பாட்டுக் கடைகளையும் பார்ப்பவர், ஊரில் பாதி வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து குடியேறிவிட்டது என்பார். கணக்கெடுப்பு ஒருவரை வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் எண்ணும். 2011 பிப்ரவரியில் ஒரு விடுதியில் மேற்கு வங்காளத்தின் மால்டாவிலிருந்து வந்த தம்பதியிடம் நான் கேட்ட முக்கியமான கேள்வி, "எப்போது ஊரை விட்டு வந்தீர்கள், எப்போது திரும்புவீர்கள்?" பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வீட்டில் இல்லாதவர் என்றால் இங்கே எண்ண வேண்டும், இடையில் ஒரு நாளாவது வீட்டில் இருப்பவர் என்றால் அங்கே. அவர்கள் அடுத்த வாரமே திரும்புகிறவர்கள். படிவத்தை மூடிவிட்டேன்.

அதற்காக அவர்களைத் திட்டத்திலிருந்தும் விட்டுவிட்டால் அது வேறொரு தவறு. கணக்கில் இல்லாத அந்தத் தம்பதியும் குளிக்க வேண்டும், குடிக்க வேண்டும், குப்பை போட வேண்டும். இரவில் தூங்குபவர் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குழாய் போட்டால் காந்தி ரோட்டுக்குத் தண்ணீர் போதாது. பாலாறு வறண்டு, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கும் ஊரில் இது சிறிய விஷயம் அல்ல. பாலாறு வறண்டதற்கும் ஜனப்பெருக்கத்தையே காரணம் காட்டுகிறார்கள். மணலை அள்ளியவர்களையும் தோல் கழிவை விட்டவர்களையும் அந்த வாதம் சத்தமில்லாமல் விடுவித்துவிடுகிறது.

2021இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக, அதாவது எந்த நாளின் நிலவரப்படி மக்களை எண்ணுகிறார்களோ அந்த நாளாக, கொண்டிருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் தனித்தனி மாவட்டங்களாக எண்ணப்படுவது அதுவே முதல் முறை. எண் வெளியானதும் 39 லட்சத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் மூன்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். நகரத்தை ஒப்பிட வேண்டுமென்றால் 1.86 லட்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்றைய 60 வார்டு எல்லைக்குள் 2011இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.