ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளையோடு பார்க்க ஒரு படம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆண்டிறுதி விடுமுறையில் ‘இன்சைட் அவுட் 2’ என்ற அனிமேஷன் படத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். 2024-இல் வந்தது, 96 நிமிடம்தான்.

கதையின் நாயகி ரைலிக்கு 13 வயது. அவள் மனத்துக்குள் இருக்கும் உணர்ச்சிகளே படத்தில் பாத்திரங்களாக வரும். நெருங்கிய தோழிகள் இருவரும் வேறு பள்ளிக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அவள் மனத்துக்குள் பதற்றம் புகுந்து அதிகாரம் பண்ண ஆரம்பிக்கிறது. நம் பிள்ளைகள் நிலையும் அதுதானே! சின்னத் தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் பழகிய முகம். அப்புறம் திடீரென்று பெரிய பள்ளி, பாடமெல்லாம் மலாயில். “பயமா இருக்கா?” என்று நேராகக் கேட்டால் “இல்லம்மா” என்றுதான் பதில் வரும். ரைலியைப் பற்றிக் கேளுங்கள். அவளைப் பற்றிப் பேசும் சாக்கில் தன் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுவார்கள்.

கடைசிப் பகுதியில் ரைலிக்கு நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கும். அந்த நேரம் சமையலறைக்கு எழுந்து போகாதீர்கள். படம் முடிந்ததும் ஒன்றைப் பழக்கிவிடுங்கள்: பதறும்போது மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை மனத்துக்குள் சொல்வது. பள்ளிப் பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

சின்னத் தம்பி தங்கை கூட இருந்தால், 2015-இல் வந்த முதல் பாகத்தை முதலில் காட்டுங்கள். அதைப் பார்த்திருந்தால் உள்ளே இருக்கும் உணர்ச்சிகள் யார் யார் என்று அவர்களுக்குப் புரியும்.