ஆடு மேயவில்லையா? வயிற்றோடு ஈரலையும் பாருங்கள்

ஆடு ஒருநாள் மேயாமல் நின்றால் நம் கை முதலில் போவது இஞ்சிக்கும் பெருங்காயத்துக்கும்தான். வெறும் செரிமானக் கோளாறென்றால் சரி. ஆனால் தை, மாசியில் கண்மாய்த் தண்ணீர் வற்ற வற்றக் கரையோரப் பச்சையில் மேய்ந்த ஆடு என்றால் ஈரலையும் சந்தேகப்பட வேண்டும்.

நத்தையிலிருந்து வெளிவரும் தட்டைப்புழுவின் குஞ்சு, தண்ணீரை ஒட்டிய புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். புல்லோடு உள்ளே போனதும் குடலைத் துளைத்து, ஈரலை வாரக்கணக்கில் குடைந்து, கடைசியில் பித்தக்குழாயில் குடியேறும். கறிக்கடையில் ஈரலை அறுக்கும்போது இலை மாதிரி வழுக்கி விழுகிறதே, அதுதான். ஆடு தீனியை ஒரேயடியாக வெறுக்காது. நாலு வாய் மேயும், நிற்கும், மந்தைக்குப் பின்தங்கும். "வயசாகிவிட்டது" என்று நாமும் விட்டுவிடுவோம்.

தாடை வீங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாள் முழுக்கத் தலை குனிந்து மேய்ந்த ஆட்டுக்குச் சாயங்காலம் தாடைக்கடியில் நீர் கோத்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். காலையில் வடிந்திருப்பதால் சரியாகிவிட்டதாக நினைத்துவிடுவோம். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது. ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவும் இதே கோலத்தைத்தான் காட்டும். அதனால் புழுக்கையைச் சோதிக்கக் கொடுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: உள்ளே போன தட்டைப்புழு முட்டையிடவே ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதற்குள் சோதித்தால் "முட்டை இல்லை" என்றுதான் வரும்.

"போன மாசம்தான் புழு மருந்து ஊற்றினேன்" என்பார்கள். எந்த மருந்து? ஐவர்மெக்டின் தட்டைப்புழுவைத் தொடாது. ஆல்பெண்டசோல் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், அதுவும் உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கும் அளவு போதாது. சினை பிடித்த முதல் மாதத்தில் அதைக் கொடுக்கவே கூடாது. ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் குஞ்சுக்கு ட்ரைக்ளபெண்டசோல் போன்றது வேண்டும். கண்ணால் எடை மதிப்பிட்டு ஊற்றுவதும் ஆபத்து. குறைந்தால் புழு பிழைக்கும். குளோசன்டெல் என்ற இன்னொரு புழு மருந்து அதிகமானால் ஆட்டுக்குக் கண்ணே போய்விடும். எடை போட்டு, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு ஊற்றுங்கள்.

மருந்து ஊற்றிய மறுநாளே அதே கரைக்கு ஓட்டிப்போவதுதான் எனக்குப் புரியாத விஷயம். கொஞ்ச நாள் மேட்டுக்காட்டுக்கு ஓட்டுங்கள், தண்ணீரைத் தொட்டியில் காட்டுங்கள். வயல் வரப்புப் புல்லை அறுத்துப் போடுவதென்றால் தண்ணீரில் நின்ற அடிப்பாகத்தை விட்டு மேலாக அறுங்கள்.